காங்ஷியின் பேரன்

வாசகி கேட்டிருப்பது: நாங்கள் தேவகோட்டைப் பக்கம். என் கணவரின் ஐயா (தாத்தா) பினாங்கில் வட்டிக்கடை வைத்திருந்தவர். 1930களில் ஊர் திரும்பும்போது அவர் கொண்டுவந்த சீனப் பூஜாடி ஒன்று வீட்டில் இருக்கிறது. ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம். நீலத் தரையில் வெள்ளைப் பூக்கள், இடையிடையே கண்ணாடி உடைந்த மாதிரிக் கோடுகள். அடியில் இரட்டை வளையத்துக்குள் நான்கு சீன எழுத்துகள். மகன் போனைக் காட்டிப் படித்ததில் ‘காங்ஷி ஆண்டில் செய்தது’ என்று வந்தது. 300 வருடப் பழசு என்கிறான். பின்பக்கம் ஒரு விரிசல், அதைப் பிடித்தபடி ஐந்து பித்தளைக் கம்பிகள். அப்பத்தா காலத்தில் அதில் கல் உப்புப் போட்டு வைத்திருந்தார்களாம். காரைக்குடியில் பழம்பொருள் கடைக்காரர் ஒருவர் 20,000 ரூபாய் தருகிறேன் என்றார். விற்காவிட்டால் கம்பியைப் பிடுங்கி, விரிசலைப் பூசிப் புதிதுபோல் ஆக்கித் தருவாராம், அதற்கு 6,000. தங்கை மகனோ, பிரான்சில் சீன ஜாடி ஒன்று 77 லட்சம் யூரோவுக்குப் போன செய்தியை அனுப்பி, ‘அவசரப்பட்டு விற்காதீர்கள்’ என்கிறான். யார் சொல்வது சரி? கம்பியை எடுக்கலாமா? மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், அவன் எடுத்துவந்து உங்களிடம் காட்டலாமா?

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய 11 படங்களையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். முதலில் விடை, காரணம் அப்புறம். ஜாடி அசல் சீனப் பீங்கான். சீனாவில் பீங்கானுக்குப் பெயர்போன ஜிங்தெஜென் ஊர்ச் சூளைச் சரக்கு, கையால் வனைந்து கையால் வரைந்தது. ஆனால் காங்ஷி காலத்தது இல்லை. 1880க்கும் 1910க்கும் நடுவில் செய்தது என்பது என் கணிப்பு. கடைக்காரர் சொன்ன விலை நியாயமானது. கம்பி விஷயத்தில் மட்டும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். ஜாடியை மகன் கையில் கொடுத்து விமானம் ஏற்றவும் வேண்டாம்.

உங்கள் வீட்டில் எல்லோரும் அந்த நான்கு எழுத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களை மட்டும் சொல்லவில்லை. 25 வருடமாக இங்கே சிங்கப்பூரில் பீங்கான் பழுதுபார்த்தும் மதிப்புச் சொல்லியும் பிழைக்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் பாதிப்பேர் ஜாடியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டேதான் கதவைத் திறக்கிறார்கள். அடியில் எழுத்து இருந்தால் அது பத்திரப்பதிவு மாதிரி என்று நினைப்பு. போன் சரியாகத்தான் படித்திருக்கிறது: காங், ஷி, நியென், ஜி. காங்ஷி ஆண்டில் செய்தது. எழுத்து என்ன சொல்கிறது என்பது போனுக்குத் தெரியும். எழுதியவன் எந்த வருடத்தில் உட்கார்ந்து எழுதினான் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

காங்ஷி, சிங் வம்சப் பேரரசர். அவர் பெயரிலான ஆண்டுக் கணக்கு 1662 முதல் 1722 வரை ஓடுகிறது. அரண்மனைக்கென்று செய்த நீல வெள்ளைப் பீங்கானில் அவர் முத்திரை நான்கு எழுத்தாக வருவது அபூர்வம். ஆறு எழுத்தாக, ‘மகா சிங் காங்ஷி ஆண்டில் செய்தது’ என்று வரும். நான்கு எழுத்து என்றதுமே எங்கள் தொழிலில் புருவம் உயரும். அதிலும் உங்கள் ஜாடியின் பூ வேலையோடு சேர்ந்து வந்தால் சந்தேகமே மிஞ்சாது.

இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1677இல் ஜிங்தெஜென் பகுதியின் அதிகாரி ஓர் உத்தரவு போட்டார்: சந்தைக்குச் செய்யும் பாத்திரங்களில் பேரரசர் பெயரை எழுதக் கூடாது. ஏன்? பாத்திரம் உடையும். உடைந்த சில்லைக் குப்பையில் கொட்டுவார்கள், யாராவது மிதிப்பார்கள். பேரரசர் பெயர் காலடியில் கிடக்கலாமா? புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. சரி, எழுத்தை விட்டுவிட்டார்கள், வளையத்தை விடவில்லை. இரட்டை வளையத்தை மட்டும் போட்டுவிட்டு உள்ளே காலியாக விட்டார்கள். சிலர் ஓர் இலையை வரைந்தார்கள். உங்கள் ஜாடியில் இருக்கும் இதே பூ வேலை, இதே நீலத் தரை, நிஜமாகவே காங்ஷி காலத்தில் செய்ததாக இருந்தால் அடியில் பெரும்பாலும் இரண்டு வெற்று வளையங்கள்தான் இருக்கும். அந்தக் காலத்தவன் பெயர் போடவில்லை. 200 வருடம் கழித்து வந்தவன் போட்டான்.

அப்படியென்றால் இது போலியா என்று கேட்பீர்கள். அந்தச் சொல்லை நான் இங்கே பயன்படுத்த மாட்டேன். முன்னோர் காலத்துப் பெயரைப் பாத்திரத்தின் அடியில் எழுதுவது சீனக் குயவர்களுக்குப் பழைய வழக்கம். காங்ஷி காலத்துக் குயவர்களே தங்கள் சரக்கில் அதற்கு முந்தைய மிங் வம்சத்து ஷுவாந்தெ, செங்ஹுவா ஆண்டுகளை எழுதினார்கள். ஏமாற்ற எழுதியவர்களும் உண்டு, ‘அந்தக் காலத்து வேலைக்கு இது வணக்கம்’ என்று எழுதியவர்களும் உண்டு. உங்கள் வீடுகளில் ஐயா பெயரைத்தான் பேரனுக்கு வைக்கிறீர்கள். பேரன் என்ற சொல்லே பெயரன், பெயரைச் சுமப்பவன். பேரனின் ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டு, இவர்தான் பினாங்கில் கடை வைத்திருந்தவர் என்று யாராவது சொல்வார்களா? உங்கள் ஜாடி காங்ஷியின் பேரன். அதுவும் ஒன்றுவிட்ட பேரன்.

அந்த வெள்ளைப் பூ, சீனத்து ப்ளம் பூ. இலை துளிர்ப்பதற்கு முன்னால், பனி உருகுவதற்கு முன்னால், வெறும் கிளையில் பூக்கும். கண்ணாடி உடைந்த மாதிரி என்று எழுதியிருக்கிறீர்களே, அது உறைந்த குளத்தின் பனி விரிசல். குளிர்காலம் உடைகிறது, அதன் மேல் முதல் பூ விழுகிறது. சீனப் புத்தாண்டுக்கு இந்த ஜாடிகளில் தேயிலையோ இஞ்சிப் பாகோ போட்டு அன்பளிப்பாகக் கொடுப்பார்களாம். 1860களில் லண்டனில் ஓவியர்கள் விஸ்லர், ரோஸெட்டி போன்றவர்கள் இந்த நீலத்தின் மேல் பைத்தியமாக அலைந்து வாங்கினார்கள். ப்ளம் பூவை அவர்கள் ஊர் முள்செடிப் பூ என்று நினைத்து ‘ஹாதார்ன் ஜாடி’ என்று பெயர் வேறு வைத்தார்கள். அந்தத் தப்பான பெயர் ஏலப் பட்டியல்களில் இன்னும் செத்தபாடில்லை. பைத்தியம் எவ்வளவு முற்றியது என்றால், 1905இல் காங்ஷி காலத்து ப்ளம் ஜாடி ஒன்று லண்டன் ஏலத்தில் கிட்டத்தட்ட 6,000 பவுண்டுக்குப் போனது. அன்றைக்கு அந்தக் காசில் லண்டனில் நல்ல வீடே வாங்கலாம்.

இதையெல்லாம் ஜிங்தெஜென் சும்மா பார்த்துக்கொண்டிருக்குமா? 1850களில், சிங் ஆட்சியை எதிர்த்து நடந்த தைப்பிங் கிளர்ச்சியில் அந்த ஊர்ச் சூளைகள் அழிந்துபோயின. 1860களில் மறுபடி எழுப்பினார்கள். வேலைக்கு ஆள் இருக்கிறது, மண் இருக்கிறது, எது விற்கும் என்பதும் தெரிந்துவிட்டது. காங்ஷி காலத்து வடிவங்களையும் பூ வேலைகளையும் மறுபடி எடுத்து, காங்ஷி பெயரும் போட்டுக் கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். ஐரோப்பாவுக்குப் போனது போக, சீனக் குடும்பங்கள் நிறைந்த பினாங்கு, சிங்கப்பூர் வழியாகவும் நிறையப் புழங்கியது. உங்கள் ஐயா கைக்கு வந்தது அந்த அலையில்தான். ஜாடியில் ‘சைனா’ என்று ஆங்கிலத்தில் எழுதவில்லை, அதனால் ரொம்பப் பழசு என்று மகன் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். 1891 முதல் அமெரிக்காவுக்குப் போன சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அவர்கள் சட்டம் போட்டார்கள். பினாங்குக்குப் போன சரக்குக்கு அந்தக் கட்டாயம் ஏது?

பெயரை நம்பாமல் எதைப் பார்த்துச் சொன்னேன் என்று கேட்டால், உங்கள் ஏழாவது படத்தை. ஜாடியை ஜன்னலோரம் சாய்த்துவைத்து எடுத்திருக்கிறீர்கள். எழுத்துகூட அதில் சரியாக விழவில்லை. ஆனால் ஜாடி தரையில் உட்காரும் அடிவளையம் வெயிலில் பளிச்சென்று தெரிகிறது. ஜாடியின் உடம்பில் கண்ணாடிப் பூச்சு இல்லாத சில இடங்களில் அது ஒன்று. அங்கேதான் மண் தன் நிஜ முகத்தைக் காட்டும். காங்ஷி காலத்து மண் இறுக்கமானது, அரிசிமாவைப் பிசைந்து வழித்த மாதிரி நைசாக இருக்கும். பூச்சு வளையத்தின் விளிம்பு வரை வந்து கச்சிதமாக நிற்கும். உங்களுடையதில் மண் சுண்ணாம்பு வெள்ளையாகக் கொஞ்சம் நொய்யாக இருக்கிறது. சூளை மணல் இரண்டு மூன்று இடத்தில் ஒட்டியிருக்கிறது. பூச்சில் ஊசிக்குத்துகள். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதிச் சரக்கில் நான் நித்தம் பார்க்கும் அடி இது.

அப்புறம் நீலம். கோபால்ட் கலவையைப் பச்சை மண்ணின் மேல் தூரிகையால் வரைகிறார்கள். அப்போது அது நீலமாகவே இருக்காது, அழுக்குச் சாம்பல் நிறம். மண் மையொற்றுத்தாள் போல உடனே உறிஞ்சிக்கொள்ளும், அழித்துத் திருத்த வழி கிடையாது. மேலே பூச்சு கொடுத்து 1,300 டிகிரியை ஒட்டிச் சுட்டு எடுத்த பிறகுதான் நீலம் கண்ணைத் திறக்கும். காங்ஷி காலத்துக் கைகள் அந்தக் கண்ணுக்குத் தெரியாத நீலத்தில் தண்ணீர் கூட்டியும் குறைத்தும் ஐந்து விதச் சாயல் கொண்டுவந்தன. பனித்தரை மேகம் மாதிரி திட்டுத் திட்டாக, உள்ளே ஆழம் இருக்கிற மாதிரி நிற்கும். உங்கள் ஜாடியில் தரை ஒரே சீராக, சுவருக்கு அடித்த வர்ணம் போலப் படர்ந்திருக்கிறது. வரைந்த பனி விரிசல் கோடுகள் எல்லாம் ஒரே கனம். வரைந்த ஆள் கெட்டிக்காரர்தான். தோள்பட்டையில் வலது பக்கக் கிளையின் முறுக்கைப் பாருங்கள், ஒரே இழுப்பு. ஆனால் அன்றைக்கு அவர் இன்னும் நிறைய ஜாடி முடிக்க வேண்டியிருந்திருக்கும், அவசரம் தெரிகிறது.

(முதன்முதலில் சீனர்கள் நல்ல நீலத்துக்குப் பாரசீகக் கோபால்ட்டைத்தான் வரவழைத்தார்கள். நம் ‘பீங்கான்’ என்ற சொல்லும் பாரசீகத்திலிருந்து வந்ததுதான். காங்ஷி காலத்துக்குள் அவர்கள் உள்ளூர்க் கோபால்ட்டுக்கு மாறிவிட்டார்கள். நாம் சொல்லை மாற்றவில்லை.)

ஒரு சோதனை நீங்களே செய்து பார்க்கலாம். வளையலைக் கழற்றிவிட்டு, விரிசல் பக்கம் அழுத்தம் படாமல் கையை மெதுவாக உள்ளே விடுங்கள். வயிற்றின் நடுவில் விரலால் சுற்றிலும் தடவுங்கள். படுக்கைவாட்டில் ஒரு மேடு தட்டுப்படும், ஒட்டிய தையல் மாதிரி. இவ்வளவு பெரிய ஜாடியை ஒரே மூச்சில் சக்கரத்தில் வனைய முடியாது. மேல்பாதி கீழ்பாதியாக வனைந்து, குழைத்த களியால் ஒட்டி, வெளிப்பக்கம் மட்டும் செதுக்கிச் சமன் செய்வார்கள். உள்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிடுவார்கள். இப்போது அச்சில் களிக்குழம்பு ஊற்றி எடுக்கும் ஜாடிகளில் உள்சுவர் வழவழவென்று இருக்கும். அந்த மேடு உங்கள் விரலில் பட்டால், அச்சில் வார்த்த தொழிற்சாலைச் சரக்கு இல்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

பழசாக்கிக் காட்டும் வித்தை உங்கள் ஜாடியில் இல்லை. தேயிலைச் சாயம் ஏற்றுவது, அமிலத்தால் பளபளப்பை மங்கடிப்பது, அடிவளையத்தில் செருப்புப் பாலீஷ் தேய்ப்பது, எல்லாம் பார்த்திருக்கிறேன். இது இன்றைய திருட்டுத்தனம் என்று நினைக்காதீர்கள். 1712இல் ஜிங்தெஜென் வேலைகளைப் பற்றி விவரமாகக் கடிதம் எழுதிய பிரெஞ்சு ஜெசுவிட் பாதிரியார் தாந்த்ரெகோல், அந்த ஊரில் பழம் பீங்கான் தயாரிக்கும் பக்குவத்தையும் எழுதி வைத்திருக்கிறார்: கொழுப்பு மிதக்கும் கறிச் சாற்றில் போட்டுக் கொதிக்கவைத்து, அப்புறம் சாக்கடைச் சேற்றில் ஒரு மாதத்துக்கு மேல் ஊறப்போட வேண்டுமாம். வெளியே எடுத்தால் 300, 400 வருடப் பழசு என்று விற்றுவிடலாம். உங்கள் அப்பத்தா உப்புப் போட்டு வைத்ததில் வந்த பழசு அதைவிட யோக்கியமானது.

இனி விலை. தங்கை மகன் அனுப்பிய செய்தி பொய்யில்லை. 2022 அக்டோபரில் பாரிஸுக்குப் பக்கத்தில் ஃபோன்டேன்ப்ளோ ஊரில் நடந்தது. டிராகனும் மேகமும் வரைந்த, பந்து போன்ற வயிறுள்ள ஜாடி. ஏல நிறுவனம் 1,500 முதல் 2,000 யூரோ மதிப்புப் போட்டது. இருவர் விடாப்பிடியாகக் கேட்டதில் 77 லட்சத்தில் சுத்தியல் விழுந்தது. மதிப்புப் போட்ட நிபுணர் அதை 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு என்றுதான் சொல்லியிருந்தார், ஏலம் முடிந்த பிறகும் அந்தக் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. யார் சரி என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. அது வேறு வடிவம், வேறு வேலை, உங்கள் ஜாடிக்கு அது எந்த வழியிலும் உறவில்லை. தங்கை மகனுக்கு உதாரணம் வேண்டுமானால் நான் நல்லதாக ஒன்று தருகிறேன்: அமெரிக்காவில் கனெக்டிகட்டில் ஒருவர், வீட்டு வாசலில் பழைய சாமான் பரப்பி விற்ற இடத்தில் 35 டாலருக்கு ஒரு சின்ன நீல வெள்ளைக் கிண்ணம் வாங்கினார். 2021 மார்ச்சில் சோதபீஸ் ஏலத்தில் அது 7,21,800 டாலருக்குப் போனது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கம், யோங்லெ பேரரசர் காலம். அந்தக் காலத்து நீல வெள்ளைப் பாத்திரங்களில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் முத்திரையே கிடையாது. கிண்ணத்தின் வடிவத்தையும், பூச்சு கையில் பட்ட விதத்தையும், நீலம் ஊறிய விதத்தையும் வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

உங்கள் வகை ஜாடி, மூடியோடு, விரிசல் இல்லாமல் இருந்தால் இங்கேயும் லண்டனிலும் சாதாரண ஏலத்தில் சில நூறு டாலரில் நிற்கும். மூடி இல்லை, விரிசல் இருக்கிறது. காரைக்குடிக்காரர் 20,000 என்றது குறைவு இல்லை. விற்பதா என்று என்னைக் கேட்டால், பணமுடை இல்லாவிட்டால் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். 20,000 ரூபாய் வேறு வழியிலும் வரும். பினாங்கிலிருந்து கப்பலில் வந்தது திரும்ப வராது.

இப்போது கம்பிக்கு வருகிறேன். உண்மையைச் சொன்னால் உங்கள் 11 படத்தில் நான் அதிக நேரம் பார்த்தது ஒன்பதாவதைத்தான். எழுத்தும் பூவும் ஆயிரக்கணக்கான ஜாடியில் இருக்கின்றன. அந்த ஐந்து கம்பி உங்கள் ஜாடியில் மட்டும்தான் இருக்கிறது.

நல்ல பசை இல்லாத காலத்தில் பீங்கான் தைப்பது ஒரு தனித்தொழில். சீனாவில் தெருத்தெருவாகக் கூவிக்கொண்டு போவார்கள். சீனர்கள் போன ஊருக்கெல்லாம் இந்த வேலையும் போனது. ஆள் உட்கார்ந்து, உடைந்த பாகங்களைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, முழங்கால் இடுக்கில் வைத்துக்கொள்வார். கையில் வில் மாதிரி ஒரு கருவி. அதன் நாண் ஒரு தண்டைச் சுற்றியிருக்கும், தண்டின் நுனியில் பொடி வைரம். வில்லை இழுக்க இழுக்கத் தண்டு சுழன்று பீங்கானில் துளை போடும். விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. துளை சுவரின் பாதி ஆழத்துக்கு மேல் கொஞ்சம் இறங்கி நின்றுவிட வேண்டும், மறுபக்கம் வந்துவிட்டால் வேலை கெட்டது. உங்கள் ஜாடிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், கம்பி இருக்கும் இடத்தில் உள்பக்கம் ஒரு புள்ளிகூடத் தெரியாது. பிறகு பித்தளையைத் தட்டி, ஸ்டேப்ளர் பின் போல இரண்டு காலும் மடக்கி, காலுக்குக் கால் உள்ள தூரத்தைத் துளைகளின் தூரத்தைவிட மயிரிழை குறைவாக வைப்பார். அதை நெம்பி உள்ளே ஏற்றினால் கம்பி எப்போதும் சுருங்கப் பார்த்துக்கொண்டே இருக்கும், விரிசலை இறுக்கிக்கொண்டே இருக்கும். ‘வைரத் துரப்பணம் இல்லாதவன் பீங்கான் வேலையை ஒப்புக்கொள்ளாதே’ என்று சீனத்தில் பழமொழியே உண்டு. தகுதியில்லாத வேலைக்குத் துணிகிறவனைப் பார்த்து இன்றைக்கும் சொல்கிறார்கள்.

உங்கள் கம்பிகள் ஐந்தும் ஒரே அளவு, ஒரே இடைவெளி. கீழிருந்து இரண்டாவது கம்பி பூவின் இதழை வெட்டாமல் கொஞ்சம் ஒதுங்கி இறங்கியிருக்கிறது, கவனித்தீர்களா? விரிசலைப் பிடிக்க நேர்கோட்டில் போட்டாலே போதும். அந்த ஆள் பூவுக்காக ஒதுங்கியிருக்கிறார்.

இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இந்தக் கடைக்காரர் மாதிரிதான் இருந்தேன். கம்பி என்றால் அசிங்கம், எடுத்துவிட வேண்டும். ஒரு வாடிக்கையாளர் கொண்டுவந்த ஜாடியில் இடுக்கியை வைத்து இழுத்தேன். முதல் கம்பி வந்துவிட்டது. இரண்டாவதற்கு ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பல வருடமாக இழுத்துப் பிடித்திருந்த விசை ஒரே பக்கம் விடுபட்டதும் விரிசல் மேலே இரண்டு அங்குலம் ஓடிவிட்டது. துளையைச் சுற்றிப் பூச்சும் பெயர்ந்துவிட்டது. எடுத்தே ஆக வேண்டும் என்றால் கம்பியின் நடுவை அரத்தால் ராவி அறுத்து, இரண்டு காலையும் தனித்தனியாக எடுக்க வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் படித்தேன், அடுத்தவர் ஜாடியின் செலவில். கூலி வாங்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன், அவர் பேசவே இல்லை.

உங்கள் ஜாடியில் கம்பியை எடுத்தால் மிஞ்சுவது விரிசலும் பத்துத் துளையும். அதை மாவு வைத்து அடைத்து, மேலே நீலமும் வெள்ளையும் தெளித்துப் பளபளப்பு ஏற்றுவார். நாலைந்து வருடத்தில் அந்தப் பூச்சு மஞ்சளடிக்கும். புற ஊதா விளக்கை அடித்தால் பூசிய இடம் மட்டும் தனியாகத் தெரியும். வாங்க வருகிறவர் அதைப் பார்த்ததும், இதை மறைத்தவர்கள் இன்னும் எதை மறைத்தார்களோ என்று யோசிப்பார். 6,000 ரூபாய் கொடுத்து விலையைக் குறைத்துக்கொள்வது சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வதுதான்.

கம்பியை விடுங்கள், உப்பைப் பாருங்கள். ஒன்பதாவது படத்தில் விரிசலோரம் வெள்ளையாகப் பொரிந்திருக்கிறதே, அது உப்பு. மழைக்காலத்தில் கரைந்து வெயில்காலத்தில் உறைந்து, ஒவ்வொரு முறையும் விரிசலைக் கொஞ்சம் நெம்பும். பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறியதும் அதனால்தான். தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், கம்பித் துளையில் அடைத்த பழைய மாவு கரைந்து கம்பி தளர்ந்துவிடும். காதுக்குப் போடும் பஞ்சுக் குச்சியைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைத்து, பிழிந்து, விரிசலோரம் ஒற்றி ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது. குச்சியை மாற்றிக்கொண்டே இருங்கள். ஒரு வாரம் விட்டு மறுபடி. களிம்பை எடுக்கப் புளியோ எலுமிச்சையோ போடவே கூடாது, பித்தளைக் குத்துவிளக்கு ஞாபகத்தில் யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். தூக்கும்போது கழுத்தைப் பிடிக்காதீர்கள், ஒரு கை அடியில் இருக்கட்டும். பட்டாலை ஓரத்தில் வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

மகன் எடுத்துவருவது பற்றி. 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி 100 வருடம் கடந்த கைவினைப் பொருள் தொல்பொருள் கணக்கில் வரும். சீனாவில் செய்தது, நம் நாட்டுச் சிலை இல்லையே என்று வாதாடிப் பயனில்லை. தனியாள் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. 100 வருடம் ஆகாத பொருள் என்றால் இந்தியத் தொல்லியல் துறையிடம் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்று வாங்கிக்கொண்டு எடுத்துப்போகலாம். உங்கள் ஜாடிக்கு அந்தச் சான்று கிடைக்கக் கூடாது, கிடைத்தால் கொடுத்தவர் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். விமான நிலையச் சுங்கத்தில் பிடித்தால் ஜாடியும் போய் வழக்கும் வரும். மனசு மாறி உள்ளூரில் விற்றால், வாங்குகிறவரிடம் தொல்பொருள் வியாபார உரிமம் இருக்கிறதா என்று கேட்டு, ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மகனைப் பார்க்க நீங்கள் இங்கே வரும்போது ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். 9ஆம் நூற்றாண்டில் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே மூழ்கிய கப்பலின் சரக்கு அங்கே இருக்கிறது. அதில் மூன்று நீல வெள்ளைத் தட்டுகள். முழுசாகக் கிடைத்த சீன நீல வெள்ளையில் மிகப் பழையவை. ஹைதராபாத் போனால் சாலார் ஜங் அருங்காட்சியகத்திலும் சீனப் பீங்கான் நிறைய இருக்கிறது.

கடைசியாக ஒரு வேலை. ஐந்தாவது படத்தில் ஜாடியின் வாயைப் பாருங்கள்: விளிம்பிலும் கழுத்தின் உள்பக்கத்திலும் பூச்சு இல்லாமல் வெறும் மண் தெரிகிறது. பூ வைக்கச் செய்த ஜாடிக்கு வாய் வரை பூச்சு இருக்கும். இப்படி விட்டிருந்தால் அங்கே மூடி உட்கார்ந்திருந்தது என்று அர்த்தம். நீங்கள் எல்லோரும் பூஜாடி என்று சொல்லிக்கொண்டிருப்பது மூடி ஜாடி; அப்பத்தா உப்புப் போட்டதும் மூடி இருந்ததால்தானோ என்னவோ. அந்த மூடி உடைந்துதான் போயிருக்க வேண்டும் என்று இல்லை. வெளியே இதே நீலமும் ப்ளம் பூவும், உள்ளே வெள்ளை, விளிம்பில் பூச்சு இருக்காது. மேலே குமிழ் இருந்திருக்கும். குமிழ் உடைந்திருந்தால் யாராவது கவிழ்த்துப் போட்டுக் கிண்ணமாகப் புழங்கியிருப்பார்கள். சாமி வீட்டில் விபூதிக் கிண்ணம், இரண்டாம் கட்டு அலமாரியில் பொத்தான் போட்டு வைத்த கிண்ணம், பரணில் மங்குச் சாமான் மூட்டை, எல்லாவற்றையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கிடைத்தால் கழுவ வேண்டாம், அப்படியே ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.